ஏழு கல்லும் ஒட்டி நிற்க வேண்டும்

எனக்குக் கோபம் வந்தால் உட்கார முடியாது. எழுந்து நடந்தாக வேண்டும். அன்று காலை, வளைகுடாவில் நாங்கள் வேலை பார்க்கும் ரூவி நகரத்து டீக்கடை வாசலில் போன் வந்தபோதும் அப்படித்தான், டீயை ஒரு வாய் குடித்ததோடு வைத்துவிட்டு நடக்கத் தொடங்கிவிட்டேன்.

போனில் பேசியது கல்லறைகளைப் பராமரிக்கும் அலுவலகத்து அம்மா. ரூவியிலிருந்து ஒரு மணி நேர ஓட்டத்தில், கடலுக்கும் மலைக்கும் நடுவே, பழைய போரில் இறந்த வெள்ளைக்காரர்களின் சின்னக் கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. செடிக்குத் தண்ணீர் விடுவது, களை எடுப்பது, சுவருக்கு வெள்ளை அடிப்பது எல்லாம் எங்கள் கம்பெனி காண்ட்ராக்ட். நான் சூப்பர்வைசர். போன மாதம் பெய்த மழையில் மலையிலிருந்து வெள்ளம் இறங்கி, பின் வரிசைக் கற்களைச் சாய்த்துவிட்டது. நான் சோஹாரில் வேறு சைட்டில் இருந்தேன். எங்கள் கொத்தனார் எல்லாவற்றையும் நிமிர்த்தி வைத்து, கம்பெனி மூலமாகப் படமும் அனுப்பியிருந்தார். அந்தப் படத்தைத்தான் அந்த அம்மா பார்த்திருக்கிறார்.

"பின் வரிசையில் ஏழு கல்லும் ஒட்டி நிற்க வேண்டும். நடுவில் இடைவெளி எப்படி வந்தது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஒரு முழம் இடைவெளிக்கு இவ்வளவு கோபமா மேடம் என்று நானும் கேட்டுவிட்டேன். வாய்க்கொழுப்பு.

அவர் பொறுமையாகச் சொன்னார். ஏழு பேரும் ஒரே விமானத்தின் ஆட்கள். நான்கு எஞ்சின் கொண்ட பெரிய குண்டுவீச்சு விமானம். அப்போது இங்கிருந்த மணல் ஓடுதளத்திலிருந்து கிளம்பி, கிளம்பிய வேகத்தில் விழுந்து எரிந்தது. எது யாருடைய உடல் என்று பிரிக்க முடியவில்லை. கிடைத்ததை ஒரே குழியில் வைத்து மூடினார்கள். இது இவனுடையது என்று யாராலும் சொல்ல முடியாது என்பதற்காகத்தான் கற்களைத் தோளோடு தோள் ஒட்டி நட்டார்கள்.

"அந்த ஏழு பேரில் ஒருவருடைய மகன் நாளை மதியம் வருகிறார். எண்பது தாண்டியவர். டாக்டர் தடுத்தும் கேட்காமல் வருகிறார். இன்னொரு தடவை அவரால் வர முடியாது. ஒட்டி நிற்கும் அந்தக் கற்களின் படம் அவர் வளர்ந்த வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தது" என்றார்.

வண்டியை எடுத்ததும் கொத்தனாருக்குப் போன் போட்டேன். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். என்னைவிட மூத்தவர்.

"அண்ணே, பின் வரிசைக் கல்லுக்கு நடுவுல யாரு கேப் விடச் சொன்னா?"

"யாரும் சொல்லல பாய். நாந்தான் விட்டேன்."

"எதுக்குண்ணே?"

"நெருக்கியடிச்சுக் கெடந்தாங்க பாய். நாமதான் கேம்ப்ல கட்டிலோட கட்டிலா கெடக்கறோம். செத்த பெறகாச்சும் ஆளுக்கொரு எடம் வேணாமா? பக்கத்துல எடம் சும்மாத்தானே கெடந்துச்சு."

நான் வரும்வரை எதையும் தொடாதீர்கள் என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

போய்ப் பார்த்தால், அவருடைய வேறு எந்த வேலையிலும் அவ்வளவு நேர்த்தி நான் கண்டதில்லை. நூல் பிடித்த மாதிரி வரிசை. ஒவ்வொரு கல்லுக்கும் தனியாக கான்கிரீட் போட்டு, மேலே பொடிக்கல் பரப்பியிருந்தார். தப்பைக்கூட இத்தனை ஒழுங்காகச் செய்கிற மனிதரை என்ன சொல்வது. நான் தலையில் அடித்துக்கொண்டு, அந்த அம்மா சொன்னதை அப்படியே சொன்னேன்.

கொத்தனார் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். கரண்டியை ஓரமாக வைத்தார்.

"எந்தம்பி ஜித்தாவுல போனான்ல பாய். கம்பெனி பஸ்ஸு எரிஞ்சு" என்றார். தம்பி இறந்தது எனக்குத் தெரியும். எப்படி என்று நான் கேட்டதில்லை. "ஒரே வண்டியில எல்லாரும் எரிஞ்சானுவ. ஆளுக்கொரு பொட்டி அனுப்புனாங்க. தெறக்கக் கூடாதுன்னு சீல் வெச்சு. எங்கம்மா பொட்டிமேல படுத்துக்கிட்டு எந்திரிக்கவே இல்ல. ஒரு பக்கம் நாந்தான் தூக்குனேன் பாய். அதுல கனமே இல்ல. உள்ள இருந்தது அவந்தானான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

அவர் எழுந்து, முன்னால் நின்ற கல்லைத் தொட்டார். "இவங்க உள்ளதச் சொல்லி ஒண்ணா வெச்சிருக்காங்க. அதப் போயி நான் பிரிச்சுப்புட்டனே பாய்."

காரையை மிஷின் வைத்து உடைத்தால் அதிர்வில் கல் விரிசல் விடும் என்று சொல்லி, அவர் மிஷினுக்கு ஒப்புக்கொள்ளவில்லை. சுத்தியலும் உளியும்தான். கேம்ப்பிலிருந்து இன்னும் இரண்டு பேரை வரவழைத்தேன். வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். கான்கிரீட்டைச் சுற்றிக் கொத்தி எடுத்து, கல்லைச் சாக்கில் சாய்த்து, பள்ளத்தைத் தள்ளிப் பறித்து, மறுபடி நிறுத்த வேண்டும். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கும் பின் வரிசைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். மதியம் லுஹர் தொழும்போதுகூட காதில் உளிச் சத்தம்தான். "பாய், ஒரு எடத்துல நில்லுங்க, உங்களப் பாத்தாலே எனக்கு அடி தப்பிப் போவுது" என்று கொத்தனார் இரண்டு தடவை சொன்னார். நின்று பார்த்தேன், முடியவில்லை.

வெளிச்சம் போகும்போது நான்கு கற்கள் சேர்ந்திருந்தன. மறுநாள் விடிந்ததும் மறுபடி ஆரம்பித்தோம். ஆறாவது கல் ஐந்தாவதோடு போய் ஒட்டியது. ஏழாவதின் காரையைப் பெயர்த்துவிட்டோம், இழுத்துச் சேர்ப்பதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து வாசலில் டாக்ஸி வந்து நின்றது. மதியம் வருகிறேன் என்றவர் காலையிலேயே வந்துவிட்டார்.

ஒல்லியான மனிதர், கைத்தடி, பெரிய தொப்பி. யாரையும் கேட்காமல் நேராகப் பின் வரிசைக்கு வந்தார். ஒட்டி நின்ற ஆறு கற்களையும், தள்ளி நின்ற ஒன்றையும் பார்த்தார். தள்ளி நின்ற கல்லில் எழுதியிருந்த பெயரைப் படித்ததும் தொப்பியைக் கழற்றினார். அதுதான் அவருடைய அப்பா.

எனக்கு அவமானமாக இருந்தது. பைப் ரிப்பேர், அது இது என்று ஏதாவது சொல்லலாம் என்று வழியில் யோசித்து வைத்திருந்தேன். அந்த முகத்துக்கு முன்னால் பொய் வரவில்லை. தெரிந்த ஆங்கிலத்தில் வெள்ளத்தைச் சொன்னேன், கொத்தனார் செய்ததைச் சொன்னேன். ஏன் செய்தார் என்று கேட்டார். ஆளுக்கொரு இடம் வேண்டும் என்று நினைத்தார் என்றேன். தம்பியின் பெட்டியையும் சொன்னேன். அவர் கொத்தனாரைப் பார்த்தார். கொத்தனார் தலையைக் குனிந்துகொண்டார்.

பெரியவர் கல்லைப் பார்த்தபடியே மெதுவாகப் பேசினார். அப்பா விமானத்தில் வயர்லெஸ் பார்த்தவர். ஜெர்மனிக்கு மேல் எத்தனையோ ராத்திரி குண்டு போடப் போய்த் திரும்பி வந்தவர்கள் இந்த ஏழு பேரும். அந்தப் பக்கத்துப் போர் முடிந்ததும் ஜப்பான்காரனோடு சண்டை போடக் கிழக்கே அனுப்பினார்கள். எண்ணெய் நிரப்ப இங்கே இறங்கினார்கள். தந்தி வந்தபோது இவர்கள் தெருவில் வெற்றிக்குக் கட்டிய கொடியைக்கூட இன்னும் அவிழ்க்கவில்லையாம். இவர் அப்போது கைக்குழந்தை. ஜெர்மனியில் அந்தக் குண்டு விழுந்த வீடுகளில் இருந்தவர்களும் என் மனதில் வந்து போனார்கள். அதை நான் கேட்கவில்லை. கேட்கிற இடமும் அல்ல.

"அப்பா அவர் ஆட்களோடு இருக்கிறார் என்று அந்தப் படத்தைக் காட்டி அம்மா சொல்லுவாள். சின்ன வயதில் எனக்கு மற்ற ஆறு பேர் மேல் பொறாமை" என்றார். பிறகு என்னிடம் ஒன்று கேட்டார். "ஒரு மணி நேரம் இதை இப்படியே விட்டு வைக்க முடியுமா? அவரோடு நான் தனியாக இருந்ததே இல்லை."

அதைத் தமிழில் சொன்னதும் கொத்தனார் உளியை எடுத்துக்கொண்டு முதல் ஆளாக வெளியே நடந்தார். நாங்களும் போனோம். சுவருக்கு அந்தப் பக்கம் நின்றோம். பெரியவர் கல்லுக்குப் பக்கத்தில், மண் என்றும் பாராமல், கால் நீட்டி உட்கார்ந்துவிட்டார். பேசிக்கொண்டிருந்தார். ஒரு தடவை சிரித்த மாதிரிகூடக் கேட்டது. அத்தனை நேரம் நானும் அசையாமல் நின்றிருக்கிறேன்.

அவரே கை காட்டி எங்களைக் கூப்பிட்டார். அவரைத் தூக்கி நிறுத்தினோம். கண் சிவந்திருந்தது.

"போதும். இனி அவரை அவர்களோடு சேர்த்துவிடுங்கள்" என்றார்.

நான்கு பேரும் கல்லைப் பிடித்து நகர்த்தினோம். அவர் தடியைப் போட்டுவிட்டு, கல்லின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார்.

"பாய், கைய எடுக்கச் சொல்லுங்க, நசுங்கிப் போயிரும்" என்றார் கொத்தனார்.

சொன்னேன். அவர் தலையாட்டினார், எடுக்கவில்லை. இரண்டு கற்களுக்கும் நடுவில் ஒரு விரல் நுழையும் இடம் மட்டும் மிச்சம் இருந்தது. கொத்தனார் இழுப்பதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். பெரியவர் ஒவ்வொரு விரலாக எடுத்தார்.