மாமன் போட்ட கொலுசில் செம்பு

இன்று முதல் பீரியடிலேயே என் வேதியியல் ஆய்வகத்தில் ரத்தம்.

நேற்று பிளஸ் டூ பிள்ளைகளுக்குச் செம்பைக் கண்டுபிடிக்கும் சோதனையைக் காட்டினேன். தாரணி தன் கொலுசிலிருந்து அறுந்த மணி ஒன்றை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, அம்மோனியா ஊற்றினாள். பளிச்சென்று கருநீலம். செம்பு!

அவள் பெரியவளானபோது தாய்மாமன் சீராகப் போட்ட வெள்ளிக் கொலுசு அது. வீட்டில் போய் அப்படியே சொல்லிவிட்டாள்.

காலையில் அவள் அப்பா, புதுச்சத்திரத்து மாமனைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குள்ளேயே வந்துவிட்டார்.

"வெள்ளின்னு சொல்லிச் செம்பைப் போட்டு ஏமாத்திட்டானுங்க டீச்சர்!"

"எங்கக்கா புள்ளைக்கு நான் செம்பு போடுவனாடா?"

மாமன் விட்ட அறையில் அப்பாவின் உதடு கிழிந்தது. அப்பா ஸ்டூலைத் தூக்கி அடித்ததில் மாமனின் மண்டை உடைந்தது. விலக்கப் போன எனக்கு முதுகில் ஒரு குத்து. யாருடையது என்று தெரியவில்லை.

"நிறுத்துங்க! எல்லா வெள்ளிக் கொலுசுலயும் கொஞ்சம் செம்பு கலப்பாங்க. தனி வெள்ளியில செஞ்சா வளைஞ்சு போயிருமுங்க!" என்று கத்தினேன்.

அப்பா ஸ்டூலைக் கீழே வைத்தார்.

மாமன் துண்டைத் தலையில் அழுத்திக்கொண்டு கேட்டார்: "இதை நேத்தே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதுங்களா டீச்சர்?"

"உலோகக்கலவை இன்னைக்குப் பாடமுங்க" என்றேன்.

நாளைக்குத் தங்கம். வகுப்பில் பாதிப் பேர் காதில் மாமன் போட்ட தோடு.

நடத்தட்டுமா, மெடிக்கல் லீவு போடட்டுமா?