வெட்டாத கத்தி கேட்ட அம்மா

போன மாதம் என் மகள் நித்யா பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு சீட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். ஒன்பதாவது படிக்கிறாள். சாரணியர் முகாமாம். பிச்சாவரத்துக்குப் பக்கத்தில், மூன்று நாள். கொண்டுவர வேண்டியவை என்று ஒரு பட்டியல். தட்டு, டம்ளர், டார்ச், நைலான் கயிறு, ஊசி நூல்... கடைசி வரியில் – சின்னக் கத்தி ஒன்று.

என் கண் அந்த வரியிலேயே நின்றுவிட்டது.

என்னைத் தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. காஸை மூடினேனா என்று பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பி வந்த கதையை முன்பு இந்தப் பத்திரிகையின் இதே பக்கத்தில் படித்திருப்பீர்கள். ஏழாவதோடு நின்றவள் நான். பள்ளிக்கூடம் கொடுக்கிற எந்தச் சீட்டையும் இரண்டு தடவை படிக்காமல் கையெழுத்துப் போடமாட்டேன். இதை நான்கு தடவை படித்தேன். பிச்சாவரம் என்றால் தண்ணீர். சுனாமிக்குப் பிறகு தண்ணீர் என்றாலே எனக்குப் பயம். போதாததற்குக் கத்தி வேறா?

"வேணாம்னு சொல்லாதம்மா. எங்க கிளாஸ்ல எல்லாரும் போறாங்க" என்றாள்.

சொல்லவில்லை. எனக்குக் கிடைக்காதது அவளுக்குக் கிடைக்கிறது... எந்த வாயால் வேண்டாம் என்பது? கையெழுத்துப் போட்டுவிட்டுக் கடலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் கத்தி வாங்கப் போனேன்.

முதலில் பிளாட்பாரக் கடை. பளபளவென்று ஒரு சாமான். ஒரே கைப்பிடிக்குள் கத்தி, கத்தரிக்கோல், பாட்டில் ஓப்பனர், பல் குத்துகிற குச்சி வரைக்கும்! விலையும் மலிவு. அசந்துபோனேன். கத்தியை விரித்துப் பிடித்தால் ஆடும் பல் மாதிரி இப்படியும் அப்படியும் ஆடுகிறது. தையல்காரியான என் கைக்கு அது போதாதா? கத்தரிக்கோலின் திருகு தளர்ந்தால் துணி என்ன பாடுபடும் என்று தினம் பார்க்கிறவள். வைத்துவிட்டு நகர்ந்தேன்.

அடுத்தது இரும்புச் சாமான் கடை. கடை பாய் நிதானமான மனுஷன்.

"யாருக்கும்மா கத்தி?"

"எம் பொண்ணுக்கு, பாய். முகாமுக்குப் போறா."

"அப்ப மடக்குற கத்தி வேணாம். லாக் இல்லன்னா வெரல் மேலயே மூடிக்கும். இத பாருங்க..." – மரப்பிடி போட்ட ஒரு சின்னக் கத்தியை எடுத்தார். "இரும்பு பிடி முடியிற வரைக்கும் உள்ள ஓடுது. ரெண்டு ஆணி அடிச்சிருக்கு. இழுத்தாலும் கழண்டு வராது. நனைஞ்சா தொடச்சி வெக்கணும். அவ்ளோதான்."

கையில் வாங்கினேன். ஆடவில்லை. பிடி வழுக்கவில்லை. விலை, ஒரு பிளவுஸ் தைக்கிற கூலியை விடக் குறைவு. எல்லாம் சரி.

"கூர் ஜாஸ்தியா இருக்கே பாய்... கொஞ்சம் கம்மியா ஏதாச்சும்..."

பாய் என்னையே பார்த்தார். "கத்திக் கடைக்கு வந்து வெட்டாத கத்தி கேக்குற மொத ஆளு நீங்கதான்மா."

கடையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வாங்கிக்கொண்டு வந்து, பழைய ஜீன்ஸ் துணியில் இரட்டைத் தையல் போட்டு அதற்கு ஓர் உறையும் தைத்தேன்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

நித்யா கிளம்புகிற அன்று காலை, அவள் குளிக்கப் போன நேரம். உறையிலிருந்து கத்தியை எடுத்தேன். துவைக்கிற கல்லில் கூர்ப்பக்கத்தைக் குறுக்காக வைத்து நாலு இழு இழுத்தேன். விரலை வைத்துப் பார்த்தேன். மொண்ணை! மனசு நிம்மதியானது. உறையில் போட்டுப் பைக்குள் வைத்துவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை.

எந்தத் தாயாவது இப்படிச் செய்வாளா என்று கேட்பீர்கள். செய்தேன். அன்பு என்று நினைத்துத்தான் செய்தேன்.

இரண்டாம் நாள் பெற்றோர் வந்து பார்க்கலாம் என்று சீட்டிலேயே போட்டிருந்தார்கள். முறுக்கு டப்பாவோடு சிதம்பரம் போய், அங்கிருந்து பிச்சாவரம் பஸ் பிடித்து, மதியத்துக்குள் போய்ச் சேர்ந்தேன். சவுக்கு மரங்களுக்கு நடுவே வரிசையாகக் கூடாரங்கள். ஒவ்வொரு கூடாரத்துக்கு முன்னாலும் செங்கல் அடுப்பு. அணி அணியாகப் பிரிந்து பிள்ளைகளே சமைக்கிறார்கள். அவ்வளவு பேரில் என் கண்ணில் முதலில் பட்டது, நித்யாவின் இடது ஆள்காட்டி விரலைச் சுற்றியிருந்த வெள்ளைத் துணி.

முகாமை நடத்துகிற ஸ்டெல்லா மிஸ் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"நித்யா அம்மாவா? நல்ல நேரத்துல வந்தீங்க. பயப்படாதீங்க, ஆழமான காயம் இல்ல. பூசணிக்காய் வெட்டும்போது கத்தி வழுக்கிடுச்சி. ஆனா ஒண்ணு... நாளைக்குக் கயித்து ஏணி, படகு எல்லாம் இருக்கு. கத்தியே ஒழுங்கா புடிக்கத் தெரியாத பொண்ண நம்பி நான் ஏத்த முடியாது. கூடவே கூட்டிட்டுப் போயிடுங்க."

"மிஸ், நான் ஒழுங்காத்தான் புடிச்சேன்!" நித்யாவுக்குக் கண் தளும்பி நின்றது. "கத்தி எறங்கவே இல்ல மிஸ். அதான் அழுத்துனேன்."

"கத்தி மேல பழி போடாத நித்யா. உன் பையை எடுத்துக்க."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு நிமிஷம் எனக்குள் குளிர்ந்தது. கயிற்று ஏணி இல்லை. படகு இல்லை. சாயங்காலத்துக்குள் பிள்ளை வீட்டில் இருப்பாள். நான் எதுவும் செய்ய வேண்டாம்... வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும்.

நித்யா கூடாரத்துக்குள் போய்ப் பையோடு வந்தாள். அவள் அணிப் பிள்ளைகள் ஐந்து பேரும் அடுப்பை விட்டுவிட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள்.

முகாமுக்குச் சமையல் உதவிக்கு வந்திருந்த செல்லக்கா, பக்கத்து மீனவர் குப்பத்து அம்மா, பாதி வெட்டிய பூசணிக்காய் பக்கத்தில் கிடந்த கத்தியை எடுத்துக் கட்டை விரலால் தடவினார்.

"இன்னாது இது, கரண்டிக் காம்பாட்டம் இருக்குது! புதுக் கத்திதான்... யாரோ வேணும்னே கல்லுல வெச்சித் தேச்ச மாரி இருக்குதே மிஸ்?"

மிஸ் நித்யாவைப் பார்த்தார். நித்யா ஒன்றும் புரியாமல் விழித்தாள்.

"நான்தான் மிஸ்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். "நான்தான் தேச்சேன். அவளுக்குத் தெரியாது. கையில வெட்டிப்பாளோன்னு பயந்து... தப்பு அவ மேல இல்ல மிஸ். அனுப்பிடாதீங்க."

முதலில் வெடித்தது நித்யாதான்.

"ஏம்மா? உன் கத்தரிக்கோல்ல ஒரு தபா பேப்பர் வெட்டுனதுக்கு, கூர் போயிடுச்சின்னு ரெண்டு நாளு எங்கூடப் பேசல நீ!"

கூர் போன கத்தரிக்கோல் துணியைக் கடிக்கும், கையை நோகடிக்கும் என்று இருபது வருஷமாக எனக்குத் தெரியும். மகள் என்று வந்ததும் அந்த அறிவெல்லாம் எங்கே போயிற்று? கவலை வந்தால் தெரிந்த தொழில்கூட மறந்துவிடும் போலிருக்கிறது.

ஸ்டெல்லா மிஸ் அந்தக் கத்தியை வாங்கித் தானும் விரலால் தடவிப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"நீங்க பொண்ண முழுசா முகாமுக்கு அனுப்பலீங்க, பாதிதான் அனுப்பியிருக்கீங்க. மீதிய உங்க கையிலயே புடிச்சி வெச்சிருக்கீங்க" என்றார். பிறகு நித்யாவின் பக்கம் திரும்பி, "ஸாரிம்மா. நீ சொன்னத நான் கேட்டிருக்கணும். பையைக் கொண்டுபோய் வெச்சிட்டு வா."

அத்தனை பிள்ளைகளுக்கும் முன்னால் ஒரு டீச்சர் மாணவியிடம் ஸாரி கேட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்த மிஸ்ஸுக்கு நான் தினமும் மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

செல்லக்கா சும்மா விடவில்லை. தன் மீன் கத்தி தீட்டுகிற கல்லை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார்.

"உக்காரு தாயி. கெடுத்தது நீ, நீயே தீட்டு."

உட்கார்ந்தேன். அவர் கல்லில் தண்ணீர் தெளித்தார். "படுக்க வெக்காத, நிமுத்தியும் வெக்காத. லேசாத் தூக்கிப் புடி. ஆங்... அப்பிடித்தான். இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து. மொண்ணக் கத்தின்னா அமுக்குவ. அமுக்குனா வழுக்கும். கூரு இருந்தா அது பாட்டுக்கு எறங்கும், கை சொல்றத கேக்கும். நாங்க கூறு கெட்டவளுங்களா, தெனம் எறாவும் மீனும் அறுக்குறோம்? எங்க வெரல எண்ணிப் பாரு, பத்தும் இருக்குதா?"

பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். நித்யா மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் நான் தீட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருபது, நாற்பது, அறுபது... தோள் வலித்தது. கடைசியில் செல்லக்கா ஒரு தக்காளியை நீட்டினார். வைத்தேன். அழுத்தவேயில்லை. தோல் பிரிந்து கத்தி தானாக இறங்கியது.

முகாமுக்கோ காடு மலைக்கோ பிள்ளைகளை அனுப்புகிறவர்கள் கடையிலேயே கத்தியைச் சோதித்துப் பார்க்கத் தக்காளி கேட்க முடியாதுதான். ஒரு பழைய பேப்பரையாவது கொண்டுபோங்கள். பேப்பரை இழுத்துக் கிழிக்காமல் வெட்டுகிற கத்தி, ஆடாத பிடி, ஓர் உறை. பன்னிரண்டு சாமான் ஒன்றாக இருக்கிற பளபளப்பெல்லாம் வேண்டாம். வாங்கியதைப் பிள்ளையிடம் கொடுத்து வீட்டிலேயே நாலு காய் வெட்டவிடுங்கள். இதை எனக்குக் கற்றுக்கொடுக்க ஒரு பாயும், ஒரு மிஸ்ஸும், ஒரு செல்லக்காவும், என் மகளின் ஒரு சொட்டு ரத்தமும் தேவைப்பட்டன.

கத்தியைத் துடைத்து, பிடி அவள் பக்கம் இருக்கும்படி திருப்பி நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். பூசணிக்காயின் மறுபாதியை எடுத்து வைத்து வெட்டத் தொடங்கினாள். நான் பார்க்காமல் இருக்க முயன்றேன். முடியவில்லை. ஒரே சீராகத் துண்டுகள் விழுந்தன.

"நீ கெளம்பும்மா" என்றாள், தலையை நிமிர்த்தாமல். "நாலு மணி பஸ்ஸு போயிடும். முறுக்க மட்டும் வெச்சிட்டுப் போ."

கூர் தீட்டிய கத்தியை மகள் கையில் கொடுத்துவிட்டு வந்த அன்று, சிதம்பரத்தில் பஸ் ஏறிய நான் அப்படியே தூங்கிப்போனேன் – கடலூர் வந்துவிட்டது என்று கண்டக்டர்தான் எழுப்பி இறக்கிவிட்டார்.