யாரும் மேலே ஒட்டாத போஸ்டர்

முதலில் மன்னிப்பு. பாறசாலையில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நாலாம் கிளாஸ்வரை படித்தவன் நான். அதற்குப் பிறகு எழுத்துக்கும் எனக்கும் உள்ள உறவு, அதன் முதுகில் பசை தடவிச் சுவரில் ஒட்டுவதோடு சரி. கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும், பிழையும் உண்டு. கல்லூரி மலரில் போடுகிற பிள்ளைகள் திருத்திக்கொள்ளுங்கள். மேடையில் பேசத்தான் கூப்பிட்டீர்கள். நாலு பேர் சேர்ந்து பார்த்தாலே எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், அதனால் எழுதித் தருகிறேன்.

1. இளைஞர்களைக் கவர்வது எப்படி

உங்கள் கல்லூரி அனிஷா ஒரு திரில்லர் படம் எடுத்தாள். கூடப் படிக்கிறவர்களே கேமரா பிடித்து, நடித்து, கொலையும் செய்தார்கள். நெய்யாற்றின்கரையில் ஒரு தியேட்டர் மானேஜர் வெள்ளிக்கிழமை காலைக் காட்சியைக் கொடுத்தார். கொடுக்கும்போதே சொன்னார்:

"மோளே, பாதி சீட்டாவது நெறையணும். அதும் சின்னப் பிள்ளியளா வரணும். உனக்கெ மாமனும் சித்தியும் வருவினும், கைதட்டுவினும், பொறவு இந்தப் பக்கம் எட்டிப் பாக்க மாட்டினும். பிள்ளியோ வரல்லேன்னா மத்தியானம் வேற படமாக்கும்."

படம் ஒரே காட்சியோடு பெட்டிக்குள் போய்விடுமோ என்று அனிஷாவுக்குச் சோறு இறங்கவில்லை. இளைஞர்களைக் கவர்வதற்கு இளைஞர்கள் கூட்டம் போட்டார்கள். ரீல் போட்டார்கள். அதற்கு லைக் போட்டவர்கள் அதில் நடித்தவர்கள். வேறொரு கல்லூரி வாசலில் முகமூடியும் அட்டைக் கத்தியுமாக ஒருவனை நிறுத்தினார்கள். வாட்ச்மேன் கம்போடு ஓடிவந்தார். அன்று திரில் முழுக்க முகமூடிக்காரனுக்குத்தான்.

கடைசியில் போஸ்டருக்கு வந்தார்கள், அதாவது என்னிடம். வெள்ளைத் தாளில் ஹீரோ அஜினின் முகம், கறுப்பு வெள்ளையில். சுற்றிலும் கறுப்புக் கரை. கீழே பெரிதாக 'வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணி'. படத்தின் பெயரும் தியேட்டரும் மூலையில் எறும்பு வரிசைபோல.

"இத்தர வெளுப்பு எதுக்கு மோளே?" என்று மட்டும் கேட்டேன்.

"மாமா, இது மினிமலாக்கும். எல்லாத்தையும் சொல்லப்பிடாது. பாக்கியவன் யோசிக்கணும்."

யோசித்தார்கள். நன்றாகவே யோசித்தார்கள்.

2. என் பசையின் பெருமை

பாறசாலையில் தொடங்கி அஜினின் ஊரான பனச்சமூடுவரை ஒட்டினேன். எங்கள் தொழிலில் சினிமா போஸ்டருக்கு ஆயுள் கம்மி. மறுநாள் அதன் மூஞ்சியில் டியூஷன் சென்டர் இருக்கும். டியூஷன் மூஞ்சியில் நகைக்கடை இருக்கும். இந்தப் போஸ்டரை மட்டும் பல நாளாகியும் ஒருவனும் தொடவில்லை. மற்ற ஒட்டுக்காரர்கள் தள்ளி, மரியாதையாக இடம் விட்டு ஒட்டியிருந்தார்கள். இந்த முறை மைதா கொஞ்சம் கூடுதல் போட்டுக் காய்ச்சியிருந்தேன். என் பசையைப் பார்த்துப் பயல்கள் பயந்துவிட்டார்கள் என்று நெஞ்சு நிமிர்ந்து நடந்தேன்.

பனச்சமூட்டில் சாயாக்கடைக்காரர் தங்கப்பன் எதிர்ச் சுவரைப் பார்த்து உச்சுக் கொட்டினார்.

"எத்தர சின்ன வயசு! பைக்காக்கும், இல்லியா?"

"எந்த பைக்கு?"

"எலே செல்வா, நீதானே ஒட்டினே? ஆரு செத்ததுன்னு தெரியாமலா ஒட்டுவே?"

சாயா கிளாஸை வைத்துவிட்டு என் போஸ்டரைத் திரும்பிப் பார்த்தேன். எங்கள் பக்கம் ஒருவர் இறந்தால் ஆதராஞ்சலி போஸ்டர் ஒட்டுவார்கள். முகம், கறுப்புக் கரை, அடக்கமோ சடங்கோ நடக்கிற நாளும் நேரமும். பதினாறாம் நாள் அடியந்திரச் சடங்கு கழியும்வரை அதன்மேல் எவனும் எதையும் ஒட்டமாட்டான். பசைக்கு அல்ல, பிணத்துக்குத்தான் அத்தனை மரியாதையும் கிடைத்திருக்கிறது.

அதே நேரம் அஜின் வீட்டு முன்னால் தூரத்துச் சொந்தக்காரர்கள் வேனில் வந்து இறங்கினார்கள், மலர்வளையத்தோடு. அதைக் கைநீட்டி வாங்கியது அஜின். பக்கத்து வீட்டுப் பையன் அதைப் படம் பிடித்து அனுப்ப, சாயங்காலத்துக்குள் பூவார்வரை எல்லாப் பிள்ளைகளின் போனிலும் அது ஓடியது.

அனிஷாவும் நானும் அஜின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அஜினின் அம்மா லீலா வாசலில் நின்றார்.

"எடீ, எனக்கெ பிள்ளைய உயிரோட கொன்னுட்டியேடீ! வோய், ஒட்டின கையால எல்லாத்தையும் இப்பமே கிழியும்!"

கிழித்தால் போஸ்டர் போச்சு, படமும் போச்சு. நான் எப்போதும்போல வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அஜின்தான் சொன்னான்:

"எம்மா, வெள்ளிக்கிழம வர நான் செத்தே இருக்கேன். பொறவு வாறேன்."

லீலா அவன் தலையில் ஒரு குட்டு வைத்தார். பிறகு, "நானும் வருவேன். என்ன எழவு எடுத்து வச்சிருக்கியன்னு பாக்கணும்" என்றார்.

3. வெள்ளிக்கிழமை

செத்தவனை உயிரோடு பார்க்கப் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக வந்தார்கள். வாசலில் அஜினோடு செல்பி எடுக்க வரிசை நின்றது. சீட்டு நிறைந்து படியிலும் உட்கார்ந்தார்கள். அனிஷா முகத்தில் அன்றுதான் வெளிச்சம் பார்த்தேன்.

படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் திரையில் அஜினை யாரோ குத்திக் கொன்றார்கள். கதையே அதுதானாம். பின்வரிசையில் ஒருவன் கத்தினான்:

"எலே மக்கா, மறுபடியும் போயிட்டியா!"

லீலா எழுந்து நின்று, "எடீ அனிஷா, இதுவும் உனக்கெ சோலிதானா?" என்றார். அதோடு முடிந்தது. அடுத்து யார் செத்தாலும் விசில். கொலைகாரன் அழுதபோது தரையில் உருண்டு சிரித்தார்கள். அனிஷா கதவோரம் தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்தாள்.

மானேஜர் ஓடிவந்தார். "மோளே, மத்தியானமும் இதுதான், நாளைக்கும் இதுதான். இந்தமாதிரி ஒரு காமெடிப் படம் நான் கண்டதில்ல!"

"சார், அது திரில்லராக்கும்."

"எதுவா இருந்தா என்ன? பிள்ளியோ வந்தாச்சுல்லா?"

படம் ஒரு வாரம் ஓடியது. அனிஷா மறுபடி உள்ளே போய்ப் பார்க்கவில்லை.

இந்தத் தொழிலில் நான் கற்றது இவ்வளவுதான். கூட்டத்தைச் சீட்டில் ஒட்ட வைக்கலாம். எந்த இடத்தில் பயப்பட வேண்டும் என்பதை அதன் மனதில் ஒட்ட வைக்க ஒரு மைதாவும் கிடையாது.

மழை பெய்து சுவரெல்லாம் ஊறிக் கிடப்பதால் இன்று வேலை இல்லை. நீங்கள் கேட்டு எத்தனையோ நாள் கழித்து எழுதி முடித்தேன்.

துலாம் மாதம், அதாவது ஐப்பசி, பத்தாம் தேதி, திங்கட்கிழமை.