இப்ப தெரியுதா?

லேசர் ஒளியை, வெற்றிடமே கிழிந்து துகள்கள் பிறக்கும் அளவுக்கு உக்கிரமாக்குவதுதான் எங்கள் ஆராய்ச்சி. முதலில் ஒளியை ஆடிகளில் பட்டுத் திரும்பும்படி நேர்ப்படுத்த வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்தால் ஒளிப்புள்ளி தெரியாது. குறைந்த சக்திதானே என்று எல்லோரும் கழற்றிவிடுவோம். அன்று நானும் கழற்றினேன். எங்கிருந்தோ ஒரு கதிர் தெறித்தது. கண்ணுக்குள் 'டப்' என்றது. என் இடக்கண்ணில் சிறுவயதிலிருந்தே பார்வை கிடையாது. போனது நல்ல கண்ணின் நடுப்பார்வை. இனி வராது என்றார் மருத்துவர்.

திருவொற்றியூர் வீட்டுக்குத் திரும்பினேன். நேராகப் பார்த்தால் எதுவும் இருக்காது. ஓரத்தில் இருப்பதுதான் தெரியும். அதனால் அக்காவின் காதுக்குப் பக்கத்துச் சுவரைப் பார்த்தபடி பேசினேன்.

"இன்னாடி, எம்மேல கோவமா? மூஞ்சப் பாத்துப் பேச மாட்டேன்ற?"

கண் போனதைச் சொன்னேன். வெளியே கண்டெய்னர் லாரிகள் இரைந்துகொண்டிருந்தன. அக்கா அழவில்லை. என் பார்வை போகும் இடத்துக்கே தன் முகத்தை நகர்த்திக்கொண்டு வந்தாள்.

"இப்ப தெரியுதா?"

அதுவரை தெரிந்துகொண்டிருந்த அவள் முகம் அந்த நொடியில் காணாமல் போனது.

"தெரியுதுக்கா" என்றேன்.

வெற்றிடத்தில் என்ன இருக்கிறது என்று ஆண்டுக்கணக்காகத் தேடியவள் நான். அன்று பார்த்துவிட்டேன். அது அக்காவின் குரலில் பேசியது.