ஆடுகிற படம்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் ஆயுசு முழுக்கப் படுக்கை விரிப்பு தேய்த்தவள் அவள். வீட்டுக்காரர் படம் எடுப்பவர். எடுப்பவர் என்றால், ஒரே ஒரு படம். அதுவும் கல்யாணமான புதிதில். கதை கிடையாது, வசனம் மருந்துக்கும் கிடையாது. ஆறு, பாசி படிந்த பாறை, ஈர மணலில் அவருடைய வெற்று முதுகு, அதில் ஊர்ந்த எறும்பு. அவ்வளவுதான்.

முதுகு அவருடையது என்றால் கேமரா யார் கையில் இருந்திருக்கும்? அவள் கையில்தான். ஸ்டாண்டு வாங்க வக்கில்லை. பாறையில் சாய்ந்து உட்கார்ந்து, வயிற்றோடு அணைத்து வைத்துக்கொண்டாள். அவள் மூச்சுக்கு ஏற்ப ஆறும் முதுகும் மெல்ல ஏறி இறங்கின. ஆசைப்பட்ட ஆணைப் பக்கத்தில் பார்க்கிறவளுக்கு மூச்சு சீராகவா வரும்? நெருங்கி உட்கார உட்கார ஆட்டம் கூடியது.

போட்டுப் பார்த்தவர்கள் தலை சுற்றுகிறது என்று எழுந்து போனார்கள். அன்று பிடித்தது சனி. "உன்னாலதான் என் படம் நாசமாப் போச்சு. ஒரு கேமராவை ஒழுங்காப் பிடிக்கத் துப்பில்ல." குழம்பில் உப்பு குறைந்தாலும் பேச்சு அங்கேதான் போய் முடியும். அவர் வேறு வேலைக்கும் போகவில்லை. அவள் இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தாள். தன் தப்புதான் என்று அவளே நம்பிவிட்டாள், அதுதான் கொடுமை.

இந்த வருஷம், மூடிக்கிடந்த பிலிம் லேப் ஒன்றின் கிடங்கில் அந்தப் படச்சுருள் அகப்பட்டது. திரைப்படக் காப்பகத்துப் பெண் அதைச் சுத்தம் செய்து பார்த்துவிட்டு வீட்டுக்கே வந்தாள். "படம் முழுக்க மூச்சு விடுது சார்! அந்த ஆட்டம்தான் அதுக்கு உயிரே. எங்க ஆபீஸ்ல எல்லாரும் அசந்துட்டாங்க."

அடுப்படியில் நின்றவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தப்பே இல்லையாம். அவர் வாயால் ஒரு தடவை அதைச் சொல்லிவிட்டால் போதும், இத்தனை வருஷ ஏச்சையும் மறந்துவிடலாம் என்று நினைத்தாள், பைத்தியக்காரி.

திரையிடலன்று மகளோடு முன்வரிசையில் உட்கார்ந்தாள். படம் முடிந்ததும் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். "சார், ஃபிரேம்ல நீங்க இருக்கீங்க. அப்ப கேமரா யாரு?"

அவர் மைக்கை வாங்கினார். "என் மனைவிதான் பிடிச்சுக்கிட்டிருந்தா. பாவம், அவளுக்கு ஒண்ணும் தெரியாது. எந்த இடத்துல எப்படி மூச்சு விடணும்னு நான்தான் சொல்லிக்குடுத்தேன்."

கைத்தட்டல் அடங்க நேரமாயிற்று. மகளும் தட்டினாள். "பாத்தியாம்மா, மேடையில அப்பா உன்னை விட்டுக்குடுக்கல. எவ்வளவு சொல்லிக்குடுத்திருக்காரு!"

"ஆமாடி," என்றாள் அவள். "அதுவரைக்கும் நான் மூச்சே விடாமத்தானே இருந்தேன்."

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மா தமாஷ் பண்ணுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, அப்பாவோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்ள மேடைக்கு ஓடினாள்.