இன்னும் தெரியல, அவ்வளவுதானே

தையல்காரிக்கு அன்று காலையிலிருந்து வேலையில் மனம் நிலைகொள்ளவில்லை. சட்டையின் இடது கையை வலப்பக்கம் வைத்துத் தைத்துவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு பிரித்தாள். பதினோரு வருடத்துக்கு முன் ஒரு விஷக்காய்ச்சல் அவளுடைய இரண்டு காதையும் அடைத்துவிட்டுப் போயிருந்தது. போன மாதம்தான் அறுவை சிகிச்சை செய்து காதுக்குள் சின்னக் கருவி ஒன்றை வைத்தார்கள். அதை இன்று முதன்முதலாக இயக்கப் போகிறார்கள். கேட்கலாம், கேட்காமலும் போகலாம் என்று டாக்டர் ஒரு தாளில் எழுதிக் காட்டியிருந்தார்.

அந்த ஒரு மாதமும் அவள் பட்ட பாடு! இனிமேல் கேட்காது என்று இருந்தபோது நிம்மதியாகத் தூங்கியவள், கேட்கலாம் என்றதும் தூக்கத்தைத் தொலைத்தாள். நூலகத்திலிருந்து தத்துவப் புத்தகங்களாக அள்ளிக்கொண்டு வந்தாள். பாதி புரியவில்லை. புரிந்த பாதியில் ஒன்று மட்டும் நெஞ்சில் ஒட்டிக்கொண்டது: தெரியாதது வேறு, கெட்டது வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டதால்தான் இத்தனை நடுக்கம் என்று சட்டென்று பொறி தட்டியது. அன்றிலிருந்து பிரார்த்தனையும் மாறியது. காதைக் கொடு என்று கடவுளோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு, என்ன ஆனாலும் கூடவே இரு என்று கேட்டாள். சந்தேகம் போய்விடவில்லை. ஆனால் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே தூங்க முடிந்தது.

பஸ் ஓட்டும் கணவருக்கு இந்த வம்பெல்லாம் கிடையாது. "நான் சாமிகிட்ட கேட்டாச்சு. கிடைக்கும்" என்று அவள் படிக்கும்படி உதட்டை அசைத்துவிட்டுக் கிளம்பினார், சட்டையின் உள்பக்கம் வெளியே தெரிய.

"தையல்காரி மானத்த வாங்காதீங்க! திருப்பிப் போடுங்க!"

மருத்துவமனையில், காது பரிசோதிக்கும் பெண் கணினியில் எதையோ தட்டினாள். ஒன்றுமில்லை. மறுபடி தட்டினாள். ஒன்றுமில்லை. கணவரின் முகம் சுண்டிப்போனது. கண்ணை இறுக மூடிக்கொண்டு முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார். தையல்காரி அவர் கையைப் பிடித்தாள்.

"இருங்க. இன்னும் தெரியல, அவ்வளவுதானே?"

மூன்றாவது தட்டு. கீச்!

துள்ளி எழுந்தாள். "இருக்கு! என்னமோ இருக்கு!"

"கேக்குதா? ஏய், கேக்குதா உனக்கு?"

உதட்டில் பார்த்ததால் சொல் புரிந்தது. ஆனால் குரல்? தகர டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட வாத்துதான்.

"என்னங்க, வாத்து மாதிரி கத்துறீங்க!"

"வாத்தாவே இருந்துட்டுப் போறேன்! கேக்குதுல்ல!" அழுகையும் சிரிப்புமாக அவர் அந்த அறையையே இரண்டாக்கினார்.

"மூளை பழகணும்க்கா. எவ்வளவு தெளிவாகும்னு இப்பச் சொல்ல முடியாது" என்று எழுதிக் காட்டினாள் அந்தப் பெண்.

"பரவால்லம்மா. பழகிப் பாத்துக்கலாம்" என்றாள் தையல்காரி, சிரிப்பை அடக்க முடியாமல்.

நான்கு மாதத்தில் குரல்கள் குரல்களாயின. ஒரு நாள் வீட்டில் சலசலவென்று புதிதாக ஒரு சத்தம். அறை அறையாகத் தேடி, மூச்சிரைக்க மாடிக்கு ஓடினாள். தொட்டி நிரம்பித் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. இதுவா! அப்படியே நின்று கேட்டாள்.

கீழேயிருந்து கணவர் கத்தினார்: "மோட்டார ஆஃப் பண்ணும்மா!"

தெளிவாகவே கேட்டது. கேட்காதவள் மாதிரி இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள்.