தட்டில் கால் பங்கு சோறு

புஷ்பலதாவுக்கு நாற்பத்தேழு வயது. அவள் பிறந்த தோட்டத் தொழிலாளர் லயம் இருந்த இடத்தில், லகாட்டுக்குப் பக்கத்தில், இப்போது கார் கழுவும் கடை இருக்கிறது. அதில் அவளுக்குப் பெரிய வருத்தம் இல்லை. லயத்தில் கழிப்பறை தூரம்.

ஈப்போவில் ஹோட்டல்களுக்குப் படுக்கை விரிப்பு வெளுத்துக் கொடுக்கும் கம்பெனியில் பதினெட்டு வருஷமாக வேலை. விரிப்பைத் தேய்த்து நான்காக மடிப்பாள். கணவர் இல்லை. மகன் ஜொகூரில் வேலை செய்கிறான்.

அவளுடைய தம்பி சுகுமாரனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. நான்கு வருஷமாக வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். புஷ்பலதா தன்னுடைய சிறுநீரகம் ஒன்றைக் கொடுப்பதாகச் சொன்னாள். பரிசோதித்ததில் பொருந்தியது. ஆனால் அவளுடைய மூன்று மாதச் சர்க்கரை அளவு ஆறு புள்ளி இரண்டு.

"இது இன்னும் இனிப்புநீர் இல்ல, ஆனா அந்த வழியிலதான் போய்க்கிட்டு இருக்கீங்க. ஒரு கிட்னியோட இனிப்புநீரும் வந்தா உங்களுக்கே ஆபத்து. ஆறு மாசம் தரேன். குறைச்சுக் காட்டுங்க. இல்லன்னா எடுக்க மாட்டோம்" என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் சுகுமாரன், "விடுக்கா, எனக்கு மெஷின் பழகிப்போச்சு" என்றான்.

"வாயை மூடுடா. கிட்னி என்னோடது."

சர்க்கரையைக் குறைக்கும் வகுப்பில் சேர கிளினிக்கில் இரண்டு வழி சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பொது மண்டபத்துக்கு நேரில் போகலாம், அல்லது கைப்பேசியிலேயே சேரலாம். ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டுத் துணி துவைக்கும் நாள். அதனால் கைப்பேசியில் சேர்ந்தாள்.

கைப்பேசியில் வந்த பயிற்சியாளர் தினேஸ்வரி, கோலாலம்பூரில் இருக்கும் சின்னப் பெண். விதி எளிமையானது. தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது கோழி. சாப்பிடும் முன் படம் எடுத்து அனுப்ப வேண்டும். தட்டு முழுதாகத் தெரிய வேண்டும் என்பதால் புஷ்பலதா நாற்காலிமேல் ஏறி நின்று எடுத்தாள். பதினெட்டு வருஷம் விரிப்பை நான்காக மடித்த கண்ணுக்குக் கால் பங்கு பிசகவே இல்லை. தினமும் ஐந்து நட்சத்திரம் வந்தது.

வியாழக்கிழமை இரவு எட்டு மணிக்கு வீடியோ வகுப்பு. அதற்கு முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு உட்காருவாள். மற்ற இருபத்திரண்டு பேரும் கேமராவை மூடி வைத்திருப்பார்கள். அவர்கள் இருக்கிறார்களா என்பது தினேஸ்வரிக்கே தெரியாது.

மூன்று மாதம் கழித்து இரத்தம் எடுத்தார்கள். ஆறு புள்ளி மூன்று.

"எங்க தப்புன்னு தெரியலக்கா. உங்க படம் எல்லாமே கரெக்டா இருக்கு" என்றாள் தினேஸ்வரி. அவள் அழுதுவிடுவாள் போலிருந்ததால் புஷ்பலதாதான் சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது.

மீதி மூன்று மாதம் இருந்தது. துணி துவைப்பதைச் சனிக்கிழமைக்கு மாற்றிக்கொண்டு மண்டபத்துக்குப் போனாள். அங்கே வகுப்பு நடத்தியவர் வீரம்மா. ஓய்வு பெற்ற தாதி, எல்லாருக்கும் மிஸ்ஸி. அடுத்த வாரம் வீட்டில் சாப்பிடும் தட்டையும் மதியச் சாப்பாட்டையும் கொண்டுவரச் சொன்னார்.

புஷ்பலதா கொண்டுபோனது கல்யாணச் சீரில் வந்த எவர்சில்வர் தட்டு. விளிம்பில் அவள் பெயர் வெட்டியிருக்கும். அவள் வீட்டில் எல்லாத் தட்டுமே சீரில் வந்தவை, எல்லாம் ஒரே அளவு. அதனால் அது பெரியது என்று இதுவரை யாருக்கும் தோன்றியதில்லை.

மிஸ்ஸி அதை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார். "அலமாக், இது தட்டா லா? இதுல புள்ளையக் குளிப்பாட்டலாம் போலிருக்கே!"

மண்டபமே சிரித்தது. புஷ்பலதா சிரிக்கவில்லை. கால் பங்கு சோற்றைச் சரியாகப் போட்டுக் காட்டினாள். மிஸ்ஸி அதைக் கப்பால் அள்ளி அள்ளி வேறு பாத்திரத்தில் கொட்டினார். மூன்று கப் வந்தது.

"ஒரு கப்தான்மா கணக்கு."

படத்தில் எல்லாத் தட்டும் ஒரே அளவாகத்தான் தெரியும் என்பது புஷ்பலதாவுக்கு அப்போதுதான் புரிந்தது. அன்றே தினேஸ்வரிக்குச் சொன்னாள். தினேஸ்வரி எல்லாரையும் தட்டுப் பக்கத்தில் ஒரு கரண்டி வைத்துப் படம் எடுக்கச் சொன்னாள். சீர்த் தட்டு இன்னும் நான்கு பேர் வீட்டில் இருந்தது.

நேரில் நடக்கும் வகுப்பிலும் ஒரு கோளாறு இருந்தது. பதினொரு பேர் திடலை மூன்று சுற்று நடப்பார்கள். ஒருவர் வராவிட்டால் மூன்று பேர் போன் செய்வார்கள். அதுவரை நல்லது. நடந்து முடித்ததும் எல்லாரும் நேராக மதார் சாகிப் கடைக்குப் போவார்கள். இனிப்புக் கெட்டிப்பால் ஊற்றி ஆற்றிய தே தாரேக் தேநீர், ஆளுக்கு இரண்டு ரொட்டி சானாய். வராதவர்களுக்கு ஏதோ கோபம் என்று பேச்சு கிளம்பும். புஷ்பலதா மூன்று வாரம் போனாள், சாப்பிட்டாள்.

நான்காவது வாரம் தினேஸ்வரியிடம் கேட்டு, வியாழக்கிழமை வகுப்பை ஞாயிறு ஒன்பதரைக்கு மாற்றிக்கொண்டாள். நடந்து முடித்து எல்லாரும் கடைக்குக் கிளம்பிய ஒன்பது இருபதுக்குக் கைப்பேசியை எடுத்துக் காட்டினாள்.

"எனக்கு ஆன்லைன்ல கிளாஸ் இருக்குண்ணே."

"ஞாயித்துக்கிழமையுமா? இப்பத்தான கிளாஸ் முடிஞ்சுச்சு!" என்றார் கார்த்திகேசு. முன்னாள் தபால்காரர், ரொட்டிக் கோஷ்டிக்குத் தலைவர்.

"இது வேற கிளாஸ். பேரு கூப்பிடுவாங்க."

யாரும் தடுக்கவில்லை. நோய்க்குப் பயந்து ஒருத்தி தேநீர் வேண்டாம் என்றால் வற்புறுத்துவார்கள். வகுப்பு என்றால் விட்டுவிடுவார்கள். இரண்டு வாரத்தில் மிஸ்ஸியும் அந்த வகுப்பில் சேர்ந்துகொண்டார்.

ஆறு மாதம் முடிந்தது. ஐந்து புள்ளி எட்டு. டாக்டர் காகிதத்தைப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் குறைஞ்சிருக்கலாம். ஆனா போன தடவைக்கு இது நல்ல இறக்கம். இன்னொரு டெஸ்ட் எடுத்துட்டுச் சொல்றேன்."

அந்தப் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரியே ஒரு பெரிய கிளாஸ் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து முழுவதையும் குடிக்கச் சொன்னது. புஷ்பலதா ஒரு முறை சுற்றிப் பார்த்துவிட்டுக் குடித்தாள். இரண்டு மணி நேரம் நாற்காலியில் காத்திருந்தாள். சுகுமாரன் பக்கத்தில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுபடி இரத்தம் எடுத்தார்கள். மாலையில் டாக்டர் கூப்பிட்டார்.

"உடம்பு சர்க்கரையைச் சரியாத்தான் சமாளிக்குது. உங்க பேரை ஆபரேஷன் பட்டியல்ல போடுறேன். ஆனா நடக்கிறதை விடக்கூடாது, ஆயுசுக்கும்."

கார் நிறுத்துமிடத்தில் சுகுமாரன் கதவைத் திறக்கும்போது, "அக்கா, வலிக்குமா லா?" என்றான்.

"உனக்கா எனக்கா?"

"உனக்கு."

"வலிக்கும். நீ ஆபரேஷன் முடிஞ்சு எழுந்ததும் ஞாயித்துக்கிழமை திடலுக்கு வா. என் கிட்னியை நீ ரொட்டி சானாய்ல ஊறப்போடறதைப் பார்த்துக்கிட்டு இருக்க முடியாது."

"நேர்லயே வரணுமா? போன்ல சேர்ந்துக்கறேனே."

"ரெண்டுலயும்" என்று சொல்லி, அவள் காரைக் கிளப்பினாள்.